இறங்காத டிகாஷன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. என் வீட்டு ஹாலில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார் — டி.வி. ஓடவில்லை. இன்னொருவர் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். ராகு காலம், எமகண்டம், பன்னிரண்டு ராசிக்கும் பலன்... எல்லாவற்றையும் முடித்துவிட்டு மறுபடி மேஷத்திலிருந்து ஆரம்பித்தார்.

நான் சமையலறையில் காபி ஃபில்டர் முன்னால் நின்றிருந்தேன். அதிலிருந்து ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

நாங்கள் மூன்று பேரும் இந்த நிலைக்கு எப்படி வந்தோம்? அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். நடுவில் நல்ல காபி போடுவது எப்படி என்றும் சொல்வேன். சிரிக்காமல் கேட்க வேண்டும்.

டி.வி.யைப் பார்த்தவர் டேவிட். காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் ரிப்பேர் செய்கிறவர். காலண்டர் படித்தவர் ஏகாம்பரம். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். இருவரும் ராயபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள். என்னைவிடக் கொஞ்சம் சின்னவர்கள். ஆனாலும் எனக்கு 'மாமு' என்கிற மரியாதைதான், அதற்கு மேல் இல்லை. இத்தனை வருடமாகப் பத்திரிகையில் எழுதுகிறேனே என்றெல்லாம் எங்கள் தெருவில் யாரும் மயங்குவதில்லை.

எங்கள் தெருக் கோடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை இருக்கிறது. அதுதான் கேரம் கிளப். கையெழுத்து கொஞ்சம் நன்றாக இருக்கும் என்ற ஒரே தகுதியால் நான் அதற்குச் செயலாளர். கேரம் எனக்குச் சுத்தமாக வராது. நான் அடித்தால் ஸ்ட்ரைக்கர் மட்டும் நேராகக் குழிக்குள் போகும்.

ஆனால் டேவிட்டும் ஏகாம்பரமும் டபுள்ஸ் ஆடி நீங்கள் பார்த்திருக்க வேண்டுமே. டபுள்ஸில் ஜோடிக்காரர்கள் எதிரெதிரே உட்காருவார்கள். பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது. இவர்களுக்கு இரண்டும் தேவையே இல்லை. இவர் தள்ளி வைத்த காய் அவருக்குத் தோதாகப் போய் நிற்கும். அவர் மிச்சம் வைத்ததை இவர் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்குச் சாப்பாடு வேண்டாம்.

அப்படிப்பட்ட ஜோடி போன டோர்னமென்ட்டோடு பேச்சை நிறுத்திக்கொண்டது.

காரணம்? சிவப்புக் காயைப் போட்டால் மட்டும் போதாது. அடுத்த அடியிலேயே நம் காய் ஒன்றையும் போட வேண்டும். அதற்கு 'ஃபாலோ' என்று பெயர். ஏகாம்பரம் சிவப்பைப் பிரமாதமாகப் போட்டார். ஃபாலோ போட வேண்டிய காய் குழியின் வாயிலேயே நின்றது. ஊதினாலே விழுந்திருக்கும். ஏகாம்பரம் அடித்தார். விழவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த டேவிட் 'ப்ச்' என்றார்.

அவ்வளவுதான். ஒரே ஒரு 'ப்ச்'.

"தோத்தது எனுக்கு மேட்டரே இல்ல மாமு. எதிர்ல ஒக்காந்துகினு அத்தினி பேரு முன்னாடி உச்சு கொட்டினான் பாரு... அத்தத்தான் தாங்க முடியல" என்றார் ஏகாம்பரம்.

"நான் எங்க உச்சு கொட்டினேன்? பல்லு சந்துல பாக்கு மாட்டிகினு இருந்துச்சு. அத்த எடுத்தேன். அதுக்குப் போய் மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீறான்" என்றார் டேவிட்.

டேவிட் பாக்குப் போட்டு நான் பார்த்ததே இல்லை. ஆனால் அதைச் சொல்கிற நேரமா அது?

அதற்கப்புறம் கிளப்பில் கலகலப்பே போய்விட்டது. ஏகாம்பரம் தெருவோடு போவார், கிளப் பக்கம் முகத்தைத் திருப்ப மாட்டார். டேவிட் தினமும் வந்து தனியாகக் காயை அடுக்கிக் கலைத்துக்கொண்டிருப்பார். எதிர் ஸ்டூலில் யாராவது உட்காரப் போனால் மட்டும், "அதுல ஒக்காராத, கால் ஆடுது" என்பார். நான் ஆட்டிப் பார்த்தேன். கால் கல் மாதிரி நின்றது. எனக்குத்தான் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இப்போது வண்ணாரப்பேட்டையில் மறுபடி டபுள்ஸ் டோர்னமென்ட். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் பெயர் கொடுக்க வேண்டும். ஜோடியாக நேரில் போய்த்தான் கொடுக்க வேண்டும். இந்தத் தடவை இவர்கள் சேர்ந்து போகவில்லை என்றால் இனி எப்போதும் சேர மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. பிடிவாதம் பழகிவிட்டால் அதுவே சௌகரியமாகிவிடும் அல்லவா?

அதனால் ஒரு திட்டம் போட்டேன். இரண்டு பேரையும் தனித்தனியாகப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை காலைல வீட்டுக்கு வாங்க. என் கையால காபி போட்டுத் தர்றேன்" என்றேன். இன்னொருவர் வருவதைச் சொல்லவில்லை. இதை ஏமாற்று என்று சொல்லாதீர்கள். ராஜதந்திரம் என்று சொல்லுங்கள்.

ஏன் காபி? அதற்கு எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் விருந்தாளி வந்தால் கடையிலிருந்து வாங்கிக் கொடுப்பதுதான் மரியாதை. ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு முனைக் கடைக்கு ஓடி டீ வாங்கி வருவார்கள். இல்லையென்றால் ஒரு பாட்டில் கலர். வீட்டில் போட்டுக் கொடுத்தால், 'கடைக்குப் போக உடம்பு வணங்கல' என்று அர்த்தம். ஆனால் கடை டீயில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது சீக்கிரம் வந்துவிடும். இரண்டு வாயில் குடித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடலாம்.

அடுப்பில் நமக்காகப் பாத்திரம் ஏறிவிட்டால் மட்டும் கதை வேறு. வாய் நனைக்காமல் கிளம்பவே முடியாது. கிளம்பினால் அந்த வீட்டு உறவையே முறித்துக்கொண்ட மாதிரி. சண்டைக்காரனோடு ஒரே சோபாவில் உட்கார வேண்டி வந்தாலும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். இதுதான் என் திட்டத்தின் அஸ்திவாரம்.

தவிர, என் காபிமீது எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. 'கொஞ்சம்' என்ற சொல்லை என் மனைவி ஜெயா ஒப்புக்கொள்ள மாட்டாள். அவள் டீ கட்சி.

என் முறை ரொம்ப எளிது. மெஷின் கிடையாது. அதே பழைய எவர்சில்வர் ஃபில்டர். எங்கள் தெரு போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதனால் கேன் தண்ணீர்தான். கொதித்த தண்ணீரை அப்படியே கொட்டக் கூடாது. அடுப்பிலிருந்து இறக்கி, தளதளப்பு அடங்கியதும், முதலில் பொடி நனைகிற அளவுக்கு மட்டும் ஊற்ற வேண்டும். பொடி உப்பி வரும். அது ஆசுவாசப்படுத்திக்கொள்ளட்டும். அப்புறம் மிச்சத் தண்ணீர். உள்ளே வைக்கிற குடைத் தட்டைப் பொடிமேல் சும்மா உட்கார வைக்க வேண்டும், அமுக்கக் கூடாது. அதன்பிறகு நம் வேலை, அந்தப் பக்கமே போகாமல் இருப்பது. அதுதான் பலரால் முடிவதில்லை.

இத்தனை தெரிந்தவன் சும்மா இருந்திருக்கலாம். கடைப் பொடியையே போட்டிருக்கலாம். ஆனால் குடகில் இருக்கும் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் வறுத்த காபிக்கொட்டை கொஞ்சம் அனுப்பியிருந்தார். பொட்டலத்தைப் பிரித்ததும் வீடே மணத்தது. முக்கியமான நாள், முக்கியமான விருந்தாளிகள். அப்போதுதான் அரைத்த பொடியில் போட்டால் எப்படி இருக்கும்?

மிக்ஸியைத் தொடப் போனேன். ஜெயா குறுக்கே வந்து நின்றாள்.

"அதுல போடாதீங்க. அப்பால சட்னியெல்லாம் காபி வாசம் அடிக்கும்."

சரி. தெரு முனையில் மாவு மில் இருக்கிறதே? சனிக்கிழமை சாயங்காலம் பாதிக் கொட்டையை டப்பாவில் போட்டுக்கொண்டு போனேன். மில்லில் இரண்டு பெண்கள் அரிசித் தூக்கோடு எனக்கு முன்னால் காத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு அம்மா சொன்னார்:

"நீங்க முன்னாடி போங்க சார். எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எங்கள் தெருவிலும் எழுத்தாளனுக்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது பாருங்கள். நன்றி சொல்லிவிட்டு டப்பாவை நீட்டினேன்.

"நைஸா, கொரகொரப்பா?" என்றார் மில்காரர்.

நல்லது எதுவோ அது நைஸாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில், "நல்லா நைஸா" என்றேன். சூடாகப் பொடி வந்தது. வீடு வரும்வரை தும்மிக்கொண்டே வந்தேன். மாவு மில் தூசி என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை டேவிட் முதலில் வந்தார். வெள்ளைச் சட்டை, சர்ச்சிலிருந்து நேராக. சோபாவில் உட்கார்ந்து, "இன்னா மாமு, காபி கடை எதுனா தொறக்கப் போறியா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் ஃபில்டரில் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். ஏகாம்பரம்.

டேவிட்டின் சிரிப்பு அப்படியே நின்றது. ஏகாம்பரம் ஒரு காலை வாசற்படிக்கு உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்தபடி நின்றார்.

"நான் அப்பால வர்றேன் மாமு. வேலை கீது."

"உனக்கும் சேர்த்துத் தண்ணி ஊத்திட்டேன் ஏகாம்பரம். அடுப்புல பாலும் வெச்சாச்சு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆனால் செருப்பைக் கழற்றினார். டேவிட்டும் எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் ஜெயா வந்து, "வாங்கண்ணே, ஒக்காருங்க" என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டாள். அண்ணி சொன்னபிறகு என்ன செய்வது? சோபாவின் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர். நடுவில் இன்னும் நாலு பேர் உட்காரலாம்.

நான் உள்ளே போய் ஃபில்டரின் அடி டப்பாவைப் பிரித்துப் பார்த்தேன். காலி.

சரி, இப்போதுதானே ஊற்றினோம். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். காலி. மேல் டப்பாவைத் தட்டினேன். குலுக்கினேன். மேலே தண்ணீர் அப்படியே ஏரி மாதிரி நிற்கிறது. கீழே பாலைவனம்.

"இன்னாங்க, எறங்குச்சா?" என்று ஜெயா கேட்டாள்.

"இறங்கும்."

"ரெண்டு பேரும் வாய தொறக்காம ஒக்காந்துகினு கீறாங்க. பாக்கவே கஷ்டமா கீது. கடைல டீ வாங்கியாந்து குடுத்து அனுப்பிடலாம். ஃப்ளாஸ்க் எங்க?"

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. டீ வந்தால் எல்லாம் முடிந்தது. இரண்டு வாய், துண்டு உதறல், ஆளுக்கு ஒரு திசை. இறங்காத இந்த டிகாஷன்தான் இரண்டு பேரையும் என் வீட்டில் கட்டிப்போட்டிருக்கிறது. இதுவரை 'இறங்கு, இறங்கு' என்று கெஞ்சிக்கொண்டிருந்தவன், 'கொஞ்சம் மெதுவாகவே இறங்கு தாயே' என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன்.

ஜெயா அந்தப் பக்கம் திரும்பியதும் ஃப்ளாஸ்க்கை எடுத்து வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடினேன். என் வயதுக்கு இது அழகா? அழகில்லைதான். ஆனால் ஒரு டபுள்ஸ் ஜோடியின் எதிர்காலம் அல்லவா?

ஹாலுக்கு வந்து பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். மழையைப் பற்றிச் சொன்னேன். டேவிட் "உம்" என்றார். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் க்யூவைப் பற்றிக் கேட்டேன். ஏகாம்பரம் "கீது" என்றார். என்ன கீது, எங்கே கீது... ஒன்றும் இல்லை. டேவிட் ஓடாத டி.வி.க்குத் திரும்பினார். ஏகாம்பரம் காலண்டருக்கு.

மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. சமாதானத்துக்கான அறிகுறியே இல்லை. எனக்குக் கவலை வந்துவிட்டது. பேசாமல் உட்கார வைத்தால் என்ன பிரயோஜனம்? பேசாமல் இருப்பதில்தான் இவர்கள் இரண்டு பேரும் இத்தனை மாதமாகப் பயிற்சி எடுத்திருக்கிறார்களே.

கடைசியில் டேவிட்டே பொறுமை இழந்து சமையலறைக்கு வந்தார்.

"இன்னா மாமு, காபித் தோட்டத்துக்கே ஆள் அனுப்பினியா?"

"இறங்க மாட்டேங்குது."

டேவிட் டப்பாவில் மிச்சமிருந்த பொடியை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்தார். முகம் மாறியது.

"இது இன்னா பொடி? இத்த போர்டுல தூவினா ஸ்ட்ரைக்கர் ஷோக்கா ஓடும்."

ஹாலிலிருந்து ஒரு சின்னச் செருமல். ஏகாம்பரம் எழுந்து சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தார். கேரம்காரனிடம் பவுடர் என்று சொன்னால் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. அவரும் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தார். டேவிட்டைப் பார்க்காமல், என்னைப் பார்த்து, "போர்டு பவுடர விட நைஸா கீது மாமு. சிமிண்டு மாரி அடைச்சிக்கிச்சி. எப்டி எறங்கும்?" என்றார்.

நைஸ்... மில்காரர் கேட்டதும் நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன அதே நைஸ்.

இனி ஃபில்டரை நம்பிப் பயனில்லை. ஃபில்டர் இல்லாத காலத்திலும் ஜனங்கள் காபி குடிக்கவில்லையா? பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, பொடியைக் கலந்து, தட்டுப் போட்டு மூடிவைத்து, தெளிந்ததும் துணியில் வடித்துவிடுவது. அதுதான் எல்லாவற்றிலும் எளிய முறை. ஃபில்டரில் இருந்த சேற்றையும் மிச்சப் பொடியில் கொஞ்சத்தையும் பாத்திரத்தில் போட்டேன். துணி? ஜெயாவின் இட்லித் துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்துவிட்டேன்.

இவ்வளவு நைஸான பொடி துணியிலும் அடைக்கும். இன்னொரு பாத்திரத்தின் மேல் துணியைத் தொங்கவிட்டு, நாலு மூலையையும் பிடித்துக்கொண்டு, சாய்த்துச் சாய்த்து ஆட்டினால்தான் இறங்கும். எனக்கு இருப்பதோ இரண்டு கை. அதிலும் ஒன்றில் கரண்டி.

"டேவிட், இந்த ரெண்டு முனையைப் பிடி. ஏகாம்பரம், நீ எதிர்ல வந்து அந்த ரெண்டு முனையைப் பிடி."

இரண்டு பேரும் பிடித்தார்கள். சதுரமான துணி. எதிரெதிரே இரண்டு பேர். குனிந்த தலைகள். இந்தக் காட்சியை நான் எங்கோ பார்த்திருக்கிறேனே என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் இதைத் திட்டமிடவில்லை.

நான் ஊற்றினேன். டேவிட் தன் பக்கத்தைத் தூக்கினார். அவர் தூக்குவதற்கு முன்பே ஏகாம்பரம் தன் பக்கத்தை இறக்கியிருந்தார். அப்புறம் இவர் இறக்க, அவர் தூக்கினார். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கறுப்பாக, மெல்லிசாக, நூல் மாதிரி டிகாஷன் இறங்க ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டே நின்றதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாதக்கணக்கில் பார்க்காமல் ஏங்கிய ஆட்டம் அல்லவா?

கண் கலங்கிய நேரத்தில் கை சும்மா இருந்திருக்க வேண்டும். ஒரு கரண்டியை அதிகமாகச் சாய்த்துவிட்டேன். டிகாஷன் துணியின் விளிம்பைத் தாண்டித் தரையில் கொட்டியது.

"ப்ச்."

இரண்டு வாயிலிருந்தும். ஒரே நேரத்தில்.

டேவிட் ஏகாம்பரத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் டேவிட்டைப் பார்த்தார். துணியை மட்டும் இரண்டு பேரும் விடவில்லை.

ஏகாம்பரம்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இன்னா, இன்னிக்கும் பல்லு சந்துல பாக்கா?"

டேவிட் மெதுவாக, "எனுக்கு ஏது பாக்கு. வாய்ல தானா வந்துடுச்சு. ஒனுக்கு இப்ப எப்டி வந்துச்சு?" என்றார்.

"தானா" என்றார் ஏகாம்பரம்.

"நேரா புடி. வழியுது."

"நீ நேரா புடி. மாமு, நீ கரண்டிய அங்க வெச்சிட்டு தூரப் போ."

என் வீட்டுச் சமையலறையிலிருந்து என்னையே துரத்திவிட்டார்கள். நான் சந்தோஷமாக வெளியே வந்தேன்.

பால் கலந்து, சர்க்கரை போட்டு, ஆற்றி, நுரை ததும்ப நாலு டம்ளர். மணம் தூக்கியது. டேவிட் ஒரு வாய் உறிஞ்சினார். "வாசனை ஷோக்கா கீது மாமு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த வாய்க்கு ஏகாம்பரம் கண்ணைச் சிமிட்டினார். மூன்றாவது வாய்க்கு டேவிட் இருமினார். அப்புறம் இரண்டு பேருமே இரும ஆரம்பித்தார்கள். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர்.

"மாமு... இன்னா இது. தொண்ட எரியுது."

நானும் குடித்துப் பார்த்தேன். முதலில் காபி. நடுவில் காபி. முடிவில் — மிளகாய்.

ஜெயா தன் டம்ளரை உதட்டில் வைத்துவிட்டு உடனே கீழே வைத்தாள்.

"எங்க அரைச்சீங்க?"

"மில்லுல."

"ஒங்களுக்கு முன்னாடி இன்னா அரைச்சாங்க?"

"அதெல்லாம் யார் கேட்டா? க்யூல ரெண்டு அம்மா நின்னாங்க. மரியாதையா என்னை முன்னாடி விட்டாங்க."

"கைல அரிசியா?"

"ஆமா."

ஜெயா தலையில் கை வைத்துக்கொண்டாள். மில்லில் மிளகாய் அரைத்தால் மெஷினுக்குள் ஒரு பிடி தங்கிவிடுமாம். அடுத்து யார் அரைத்தாலும் அந்தப் பிடி அவர்கள் மாவில்தான் வருமாம். அதனால் மிளகாய்க்கு அடுத்த ஆளாக நிற்க எந்தப் பெண்ணும் சம்மதிக்க மாட்டாளாம். யாராவது ஓர் ஏமாளி வந்து மெஷினைத் துடைத்துவிட்டுப் போகட்டும் என்று காத்துக்கொண்டே நிற்பார்களாம்.

எனக்குக் கிடைத்த அந்த மரியாதை!

ஏகாம்பரம் சிரிக்க ஆரம்பித்தார். டேவிட் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருமலும் சிரிப்புமாக, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாறி மாறி என்னைக் கேலி செய்தார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, இன்னொருவர் அடித்தார்.

"கடைல ஒரு டீ வாங்கிக் குடுக்க மனசு வர்ல பாரு."

"வூட்டுக்கு கூப்ட்டு மொளகாத் தண்ணி குடுத்து அனுப்பறான்பா."

"இத்தப் பத்தியும் பேப்பர்ல எழுதுவான் பாரு."

அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அன்று ஒன்று தெரிந்துகொண்டேன். இரண்டு பேரைச் சேர்த்துவைக்க நல்ல பேச்சும் வேண்டாம், நியாயமும் வேண்டாம். அவர்கள் சேர்ந்து திட்டுவதற்கு வாகாக மூன்றாவது ஆள் ஒருவன் கிடைத்தால் போதும். அந்த ஆளாக இருப்பதில் கொஞ்சம் மானம் போகும். போனால் போகட்டும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு டேவிட், "நேரமாயிடுச்சு. பேரு குடுக்கணும். வர்றியா?" என்று கேட்டாரே, அந்த ஒரு கேள்விக்காக நான் இன்னொரு டம்ளர் மிளகாய்க் காபியும் குடிப்பேன்.

"வண்டி எடு" என்றார் ஏகாம்பரம்.

ஒரே வண்டியில் போனார்கள். நான் வாசலில் நின்று, தெரு திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்தால், ஜெயா கையில் கறுத்துப்போன இட்லித் துணி. வாஷிங் மெஷின் திறந்திருந்தது. அதற்குள்ளிருந்து ஃப்ளாஸ்க் எட்டிப் பார்த்தது.

"சொம்பு இல்லியா நம்ம வூட்ல?" என்றாள் ஜெயா, துணியை உதறியபடி. "வாங்கணும்னு நெனச்சிருந்தா சொம்புல வாங்கியிருக்க மாட்டேனா? அவங்க ஒக்காரட்டும்னுதான் நானும் ஃப்ளாஸ்க்க தேடற மாரி தேடிகினு இருந்தேன்."

ராஜதந்திரி யார் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மறுநாள் மிச்சமிருந்த பாதிக் கொட்டையை எடுத்தேன். இந்தத் தடவை மில் இல்லை. இஞ்சி, ஏலக்காய் தட்டுகிற சின்ன இடிகல்லைச் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடித்தேன். கை வலித்தது. பொடி, ரவையைவிடக் கொஞ்சம் பொடிசாக, விரலில் நெருநெருவென்று பட்டது. அதுதான் பதம். குடைத் தட்டை அமுக்காமல் வைத்தேன். முதல் தண்ணீரில் பொடி உப்பி மூச்சு விட்டது. மிச்சத்தை ஊற்றி மூடிவிட்டு அந்தப் பக்கமே போகவில்லை. சொட்டுச் சொட்டென்று சத்தம் கேட்டது. அந்தக் காபியைப் பற்றி நான் சொன்னால் பெருமை என்பீர்கள். டீ கட்சியான ஜெயா என் டம்ளரிலிருந்து பாதியைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டாள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் கிளப்புக்குப் போனேன். எதிர் ஸ்டூலில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். கால் ஆடவில்லை. என்னைப் பார்த்ததும் டேவிட் கூப்பிட்டார்.

"மாமு, அந்த மில்லுப் பொடி மிச்சம் கீதா?"

"கொஞ்சம் இருக்கு. தூக்கிப் போடப் போறேன்."

"போடாத. ஞாயித்துக்கிழமை மேட்சுக்கு ஃப்ளாஸ்க் நெறைய காபி போட்டு எடுத்துகினு வா."

மனசு நெகிழ்ந்துவிட்டது. "அவ்வளவு பிடிச்சிருச்சா?" என்றேன்.

"எங்களுக்கு இல்ல" என்றார் ஏகாம்பரம், போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "எதிர்ல ஆட வர்றவங்களுக்கு."

பொடியைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். ஃப்ளாஸ்க்கைத்தான் ஜெயா எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள்.